நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே?

இன்ஜினீயரிங் காலேஜ்ல சேர்ந்த நாளிலிருந்து, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல நமக்குக் கிடைக்கிற மரியாதையே தனி. சாம்பார் வாளியோட போற சித்தப்பா பாதி வழியில நின்னு, “நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இந்த போன் ஏன் இப்படிச் சூடாகுதுன்னு பாரேன்”பார். நான் படிக்கிறது இ.சி.இ., என் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் சிவில், எதிர்ல இருக்கிறவ டெக்ஸ்டைல்... யார் கேக்குறாங்க? எல்லாமே கம்ப்யூட்டர்தான்!

போன், பிரிண்டர் வரைக்கும் சமாளிச்சிடலாம். ஆனா, கடை வெச்சிருக்கிற மாமா ஒருத்தர் தோள்ல கை போட்டு, “மாப்ள, நம்ம கடைக்கு ஒரு பில்லிங் சாப்ட்வேர் போடலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லு”ன்னார்னா, அங்கேதான் உஷாரா இருக்கணும். போன் விஷயத்துல தப்பாச் சொன்னா போன் மட்டும்தான் போகும். இதுல தப்பாச் சொன்னா மாமாவோட கஸ்டமர் போவார், வீட்டுக்கு நோட்டீஸ் வரும், ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்க பேர் அடிபடும்.

நாம உடனே என்ன பண்ணுவோம்? நெட்டுல தேடுவோம். எதுக்கு ஸ்டார் ஜாஸ்தி, எது கலர்ஃபுல்லா இருக்கு, எது ஓசின்னு பார்ப்போம். அப்படியே மாமாவுக்கு லிங்க்கை அனுப்பிட்டு சினிமாவுக்குக் கிளம்பிடுவோம். அங்கேதான் சிக்கல். சாப்ட்வேர் நல்லதா, கெட்டதாங்கிற கேள்வியே அப்புறம்தான். மாமா கடை சட்டப்படி எந்த மாதிரி பில் கொடுக்கணும்? அது தெரியாம சாப்ட்வேர் தேடுறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்குற மாதிரி.

அதனால முதல்ல மாமாகிட்ட ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லி, உட்கார வெச்சு விசாரிங்க. அவர் ஜி.எஸ்.டி.-யில எந்தக் கோஷ்டி? தமிழ்நாட்டுல பொருள் மட்டும் விக்கிற கடைன்னா வருஷ விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டினாத்தான் பதிவு கட்டாயம். சேவைன்னா 20 லட்சம். ஆனா, பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பி வித்தா அந்த 40 லட்ச சலுகையெல்லாம் கிடையாது, பதிவு பண்ணியே ஆகணும். பதிவே பண்ணாத கடை பில்லுல வரின்னு ஒரு பைசா போடக் கூடாது. பதிவு இல்லாத மாமாவுக்கு, அழகா வரி காலம் போட்டு அச்சடிக்கிற ஆப்பை இறக்கிக் கொடுத்தீங்கன்னா, நல்லது பண்றதா நினைச்சு வம்புல மாட்டி விடுறீங்கன்னு அர்த்தம்!

அடுத்து ‘காம்போசிஷன்’. விற்பனை 1.5 கோடிக்குள்ள இருக்கிற சின்னக் கடைக்காரங்க நிறையப் பேர் இந்தத் திட்டத்துலதான் இருக்காங்க. பேன்சி ஸ்டோர், பாத்திரக் கடை, ஹார்டுவேர் கடை மாதிரி பொருள் வாங்கி விக்கிறவங்கன்னா, விற்பனையில 1 சதவிகிதத்தைத் தன் கைக்காசுல இருந்து கட்டிட்டுப் போயிடலாம். கஸ்டமர்கிட்ட வரி வசூலிக்க அனுமதி இல்லை. இவங்க கொடுக்கிற சீட்டுக்குப் பேரே வேற. ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ இல்லை, ‘பில் ஆஃப் சப்ளை’. அதோட தலையில, இவர் காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவர், வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர்னு அச்சடிச்சிருக்கணும். நிறைய ஆப்கள்ல இன்ஸ்டால் பண்ணினதுமே ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’னு கொட்டை எழுத்துல வந்து நிக்கும். அதை மாத்துற செட்டிங் எங்கே இருக்குன்னு தேடுங்க. இல்லைன்னா அந்த ஆப் மாமாவுக்கு ஆகாது. ஸ்டார் எத்தனை வாங்கியிருந்தாலும் சரி!

இனி வாங்குறது யாருங்கிற கேள்வி. தெருவுல போறவர் வந்து சோப்பு வாங்குறதும், ஒரு கம்பெனி ஆளு வந்து ஆபீசுக்கு வாங்குறதும் ஒண்ணு இல்லை. கம்பெனிக்காரர் மாமாகிட்ட கட்டுற வரியை, தான் கட்ட வேண்டிய வரியில கழிச்சுப்பார். அந்தக் கிரெடிட் அவருக்கு வரணும்னா, அவரோட ஜி.எஸ்.டி. நம்பர் பில்லுல சரியா இருக்கணும், மாமா அதைத் தன் ரிட்டர்ன்ல காட்டியிருக்கணும். 2022 ஜனவரி 1-லிருந்து, விக்கிறவர் காட்டாத பில்லுக்கு வாங்குறவர் கிரெடிட் எடுக்க முடியாது. ஒரே ஒரு எழுத்து தப்பா டைப் அடிச்சாலும் கிரெடிட் வேற எங்கேயோ போய் நிக்கும், இல்லைன்னா போகவே போகாது. ரெண்டு மாசம் பொறுப்பார், அப்புறம் பக்கத்துக் கடைக்குப் போயிடுவார்.

நம்ம சப்ஜெக்ட் இங்கே கொஞ்சம் வரும். ஜி.எஸ்.டி. நம்பர்ல மொத்தம் 15 எழுத்து. முதல் ரெண்டும் மாநில எண். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்தும் பான் நம்பர். கடைசி எழுத்து ‘செக் டிஜிட்’. முன்னாடி இருக்கிற 14-ஐயும் வெச்சுக் கணக்குப் போட்டா வர்ற விடை அது. அதாவது, நெட் இல்லாமலேயே நம்பர் தப்புன்னு சாப்ட்வேரால கண்டுபிடிக்க முடியும். செகண்ட் இயர் பையன் அரை மணி நேரத்துல எழுதிடுற புரோகிராம்தான் இது. அதனால டிரையல் வெர்ஷன்ல ஒரு நிஜ நம்பரை எடுத்து, நடுவுல ஒரே ஒரு எழுத்தை மாத்தி அடிச்சுப் பாருங்க. “தப்பு”ன்னு கத்துதா, சத்தமே இல்லாம வாங்கிப் போட்டுக்குதா? வாங்கிப் போட்டுக்குச்சுன்னா, அதை எழுதினவங்க வேற எங்கெல்லாம் இப்படி அலட்சியமா இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கங்க.

சும்மா தியரி பேசினா போர் அடிக்கும்ல? அதனால, கடலூர் பக்கம் ஒரு காலேஜ் வாசல்ல ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட போனேன். திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்து செட்டிலானவர். 2007 ஜனவரியில வாட் வந்தப்ப ஒரு பில் புக், 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தப்ப இன்னொரு பில் புக்னு எல்லாத்தையும் அட்டை போட்டு வெச்சிருக்கார். சாப்ட்வேர் வாங்கணும்னு ஆறு மாசமா யோசனை. நாலு சாப்ட்வேரோட டிரையலை லேப்டாப்ல ஏத்திக்கிட்டு ஒரு சனிக்கிழமை பூரா அவர் கல்லாப் பக்கத்துல உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, போன மாசத்துல உங்களை ரொம்பப் படுத்தின பில் எது?”ன்னு கேட்டேன்.

“எதுக்குத் தம்பி? நல்ல பில்லா ஒண்ணு தாரேன், அதை அடிச்சுப் பாரேன்.”

“நல்ல பில்லை எல்லா சாப்ட்வேரும் அடிச்சிடும் அண்ணாச்சி. மோசமானதைக் கொடுங்க.”

தேடி எடுத்துக் கொடுத்தார். ஆஹா, என்ன ஒரு பில்! புதுச்சேரியில ஒரு கம்பெனி ஆர்டர். நோட்டு ஒரு கட்டு, டைரி ஒரு டஜன், பத்து ரூபாய் பேனா 144, ஏ4 பேப்பர், அஞ்சு ஜியாமெட்ரி பாக்ஸ் (கம்பெனிக்கு எதுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்னு கேக்காதீங்க, நானும் கேட்டேன், முதலாளி பிள்ளைங்களுக்காம்). டெலிவரியும் அண்ணாச்சிதான். ஒரே பில்லுல இவ்வளவு வில்லங்கம் சேர்றது அபூர்வம். நாலு சாப்ட்வேர்லயும் இதையே அடிச்சுப் பார்த்தோம்.

முதல் வில்லங்கம் ஊர். கடலூர்ல இருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினா ஒரு மணி நேரம்கூட ஆகாது. நமக்கு அது பக்கத்து ஊர், வரிச் சட்டத்துக்கு அது வேற மாநிலம். பொருள் அங்கே போய் இறங்குறதால சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.-னு ரெண்டாப் பிரிக்காம ஐ.ஜி.எஸ்.டி.-னு ஒரே வரியாப் போடணும், பில்லுல மாநிலத்தோட பேரும் வரணும். அதே புதுச்சேரிக்காரர் ஒருத்தர் கடைக்கே வந்து, பேர், ஊர் எதுவும் எழுதாம நாலு பேனா வாங்கிட்டுப் போனா அது தமிழ்நாட்டு விற்பனை. மாத்திப் போட்டுட்டா சரியான வரியைத் திரும்பக் கட்டிட்டு, தப்பாக் கட்டினதுக்கு ரீஃபண்டு கேட்டு அலையணும். நாலுல மூணு சாப்ட்வேர், 34-ல் ஆரம்பிக்கிற ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டதுமே தானா ஐ.ஜி.எஸ்.டி.-க்கு மாறிடுச்சு. நாலாவது ஒண்ணு, ‘எந்த வரி?’ன்னு நம்மளையே கேட்டது. நமக்குத் தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்!

(காம்போசிஷன் ஆளா இருந்தா இந்த ஆர்டரையே எடுத்திருக்க முடியாது. அந்தத் திட்டத்துல இருக்கிறவங்க பொருளை வெளி மாநிலத்துக்கு விக்கக் கூடாது. எல்லையோர ஊர்ல கடை வெச்சிருக்கிற மாமாக்களுக்கு இதை முதல்லயே சொல்லிடுங்க.)

ரெண்டாவது வில்லங்கம், விகிதம். 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்களை அடியோட மாத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? 12, 28-ல இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18-னு மாறிடுச்சு. அன்னிக்கு ஸ்டேஷனரி கடைகள்ல நடந்ததைக் கேளுங்க. 12 சதவிகிதம் இருந்த நோட்டு பூஜ்ஜியம் ஆச்சு. பென்சில், ஷார்ப்னரும் அப்படியே. ரப்பர் 5-ல இருந்து பூஜ்ஜியம். ஜியாமெட்ரி பாக்ஸ் 12-ல இருந்து 5. ஆனா நாம பிரிண்ட் எடுக்கிற ஏ4 பேப்பர் 12-ல இருந்து 18-க்கு ஏறிடுச்சு! பேனாவும் டைரியும் பழைய 18-லயே நின்னுடுச்சு. எல்லாம் ஒரே ராத்திரியில.

இதுல ஒரு குசும்பு இருக்கு பாருங்க. பொருளை அடையாளம் காட்ட ஹெச்.எஸ்.என்.-னு ஒரு எண் உண்டு. விற்பனை 5 கோடி வரைக்கும் இருக்கிற கடை, கம்பெனிகளுக்குப் போடுற பில்லுல அதோட முதல் நாலு இலக்கத்தைக் காட்டினா போதும். நோட்டுக்கு அது 4820. டைரிக்கு? அதுவும் 4820! ஒண்ணுக்கு வரி பூஜ்ஜியம், இன்னொண்ணுக்கு 18. நாலு இலக்கத்தை வெச்சு “இதுக்கு இதுதான் வரி”ன்னு தானா நிரப்புற சாப்ட்வேர் இங்கே குப்புற விழுந்துச்சு. அண்ணாச்சி நோட்டுக்கும் 18 சதவிகிதம் வந்து நின்னதைப் பார்த்து, “ஏ தம்பி, இதை முதல்ல மூடு”ன்னுட்டார்.

விகிதத்தை மாத்துற வசதி எல்லாத்துலயும் இருக்கு. பார்க்க வேண்டியது, எந்தத் தேதியிலிருந்துன்னு அது கேக்குதாங்கிறதை. ஏன்னா, 2025 ஆகஸ்ட்ல 12 சதவிகிதத்துக்கு வித்த நோட்டு அக்டோபர்ல திரும்பி வந்தா, அதுக்குப் போடுற கிரெடிட் நோட் பழைய 12-லதான் இருக்கணும். இன்னிக்கு விகிதத்தை மாத்தினதும் பழைய பில்லுங்க எல்லாம் புது விகிதத்துல அச்சாகுதுன்னா, அந்த சாப்ட்வேர் உங்க சரித்திரத்தையே திருத்தி எழுதுதுன்னு அர்த்தம். இன்னொண்ணு... நோட்டுக்கு வரி பூஜ்ஜியம் ஆனதால, செப்டம்பர் 21 ராத்திரி கடையில ஸ்டாக் இருந்த நோட்டுக்கு ஏற்கெனவே எடுத்திருந்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது. “அன்னிக்கு எவ்வளவு ஸ்டாக் இருந்தது?”ங்கிற கேள்விக்கு ஒரு தேதி போட்டுப் பதில் வாங்க முடியுதான்னு பாருங்க. இந்த மாற்றம் கடைசி மாற்றம்னு யாரும் சத்தியம் பண்ணித் தரலை!

நோட்டுக்கு வரி கிடையாது, டைரிக்கு வரி உண்டு. அப்ப இந்த ஆர்டருக்கு ஒரே சீட்டு போதுமா? விதிப்படி, பதிவு பண்ணாத சாதாரண கஸ்டமருக்குன்னா ரெண்டையும் சேர்த்து ‘இன்வாய்ஸ்-கம்-பில் ஆஃப் சப்ளை’ன்னு ஒரே சீட்டாக் கொடுக்கலாம். பதிவு பண்ணின கம்பெனிக்குக் கொடுக்கிறப்ப அந்தச் சலுகை கிடையாது. வரி உள்ளதுக்கு டாக்ஸ் இன்வாய்ஸ், வரி இல்லாததுக்கு பில் ஆஃப் சப்ளை. இந்த வித்தியாசம் தெரிஞ்ச சாப்ட்வேர் நாலுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் ரெண்டு மெனு உள்ளே போய்த் தேட வேண்டியிருந்தது.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வில்லங்கம். பத்து ரூபாய் பேனா! எம்.ஆர்.பி.-ன்னா வரியும் சேர்த்துத்தான். அதனால பத்து ரூபாய்ல இருந்து பின்னாடி போய் வரியைப் பிரிக்கணும். ஒரு பேனாவைக் கடையில விக்கிறோம்னு வெச்சுக்கங்க. பத்தை 1.18-ஆல வகுத்தா 8.47. சி.ஜி.எஸ்.டி. 76 பைசா, எஸ்.ஜி.எஸ்.டி. 76 பைசா. கூட்டிப் பாருங்க... 9 ரூபாய் 99 பைசா! ஒரு பைசா எங்கே போச்சு? ரவுண்டு பண்றப்ப காணாமப் போச்சு. ஒரு பேனாவுக்கு ஒரு பைசா போனாப் போகுதுன்னு விட்டுடலாம். ஆனா, ஒவ்வொரு பேனாவாக் கணக்குப் போட்டு ரவுண்டு பண்ணி 144-ஆல பெருக்குற சாப்ட்வேர்ல 1,440 ரூபாய்க்கு 1,438.56-தான் வரும். மொத்த 1,440-ஐயும் எடுத்து ஒரே தடவை பிரிச்சா, 1,220.34-ம் ரெண்டு 109.83-ம் சேர்ந்து பைசா சுத்தமா நிக்கும். எந்த இடத்துல ரவுண்டு பண்றாங்கங்கிறது நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர்ல மட்டும் வர்ற சமாசாரம்னு நினைச்சிருந்தேன். அண்ணாச்சி கல்லாவுலயும் வருது. ராத்திரி கடை மூடுறப்ப கல்லாக் காசும் கம்ப்யூட்டர் கணக்கும் ஒத்துப் போகலைன்னா, அவர் சந்தேகப்படப் போறது சாப்ட்வேரை இல்லை... கடையில வேலை பார்க்கிற பையனை.

பில் நம்பரையும் பாருங்க. 16 எழுத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது விதி. கடை பேரு, கிளை, வருஷம், நம்பர்னு நீளமா ஒரு டிசைன் போட்டுக் கொடுத்து, 16-ஐத் தாண்டி ஓடுறதைக் கவனிக்காத சாப்ட்வேரும் இருக்கு. பேரழகா இருக்கும், ரிட்டர்ன்ல ஏத்துறப்ப எரர் அடிக்கும்.

இப்ப சேல்ஸ்மேன் மேட்டர். “சார், இ-இன்வாய்ஸ் இருக்கு, இ-வே பில் இருக்கு, எல்லாம் இருக்கு”ன்னு மாமாகிட்ட பெரிய பேக்கேஜை நீட்டுவாங்க. இ-இன்வாய்ஸ் கட்டாயம்ங்கிறது 2023 ஆகஸ்ட் 1-லிருந்து, 2017-18 முதல் ஏதாவது ஒரு வருஷத்துலயாவது 5 கோடி விற்பனையைத் தாண்டினவங்களுக்கு. அதுவும் பதிவு பண்ணின கஸ்டமருக்கும் ஏற்றுமதிக்கும் போடுற பில்லுக்குத்தான். மாமா கடை அந்தப் பக்கமே போனதில்லைன்னா அதுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். பில்லுல க்யூ.ஆர். இருந்தா அது இ-இன்வாய்ஸ்னும் நம்பிடாதீங்க. பாதிக் கடையில இருக்கிறது யு.பி.ஐ.-ல காசு அனுப்புற க்யூ.ஆர்.!

காசு கொடுத்துக் கேக்க வேண்டியது வேற ஒண்ணை. டெலிட் பண்ணினா என்ன ஆகும்? டெமோ காட்டுறவர் பெருமையா, “தப்பா அடிச்சுட்டா சுத்தமா அழிச்சிடலாம் சார், தடமே இருக்காது”ம்பார். அதுதான் ஆபத்து. ஜி.எஸ்.டி. விதிகள்ல 56-வது விதி, கம்ப்யூட்டர்ல கணக்கு வெச்சா திருத்தினது, அழிச்சது எல்லாத்துக்கும் பதிவு இருக்கணும்னு சொல்லுது. கம்பெனிகளுக்கு மட்டும் இல்லை, அண்ணாச்சி கடைக்கும்தான். நாப்பதாம் நம்பருக்கு அப்புறம் நாப்பத்திரண்டு வந்தா, நடுவுல ஒண்ணு எங்கேன்னு ரிட்டர்ன்ல ரத்து பண்ணின பில் கணக்கு கேக்குறப்ப சொல்லியாகணும். அழிக்க விடுற சாப்ட்வேரை விட, “ரத்து”ன்னு குறிச்சு வெச்சுக்கிற சாப்ட்வேர்தான் நமக்கு ஃப்ரெண்டு.

கணக்கை எத்தனை நாள் வெச்சிருக்கணும் தெரியுமா? அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் பண்ண வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாசம். 2023-24 பில்லை 2030 டிசம்பர் கடைசி வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கணும். நீங்க படிப்பை முடிச்சு, வேலைக்குப் போய், ரெண்டு கம்பெனி மாறி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வரைக்கும்! மாசச் சந்தா கட்டுற சாப்ட்வேர்ல, சந்தாவை நிறுத்தினா பழைய பில்லைப் பார்க்க விடுவாங்களான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. பெரிய பேரா இருந்தா பயமில்லைன்னு நினைக்காதீங்க. உலகம் பூரா ஓடுற குவிக்புக்ஸ், இந்தியாவுல சேவையை நிறுத்துறதா 2022-ல அறிவிச்சு, 2023 ஜனவரி 31-ஓட மூடிடுச்சு. அதுல கணக்கு வெச்சிருந்தவங்க தரவை இறக்கிக்கிட்டு வேற இடம் தேட வேண்டியதாப் போச்சு. அதனால டிரையல் அன்னிக்கே, எல்லா பில்லையும் எக்ஸெல்லுக்கு இறக்கிப் பாருங்க. ‘அதுக்கு அடுத்த பிளான் வாங்கணும்’னு வந்தா, கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் போட்ட வீடுன்னு புரிஞ்சுக்கங்க.

“கிராக் பண்ணின காப்பி நம்ம பயகிட்டே இருக்கு மச்சி”ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் வருவான். வேண்டாம். தப்புங்கிறது ஒரு பக்கம். அப்டேட் வராதுங்கிறது இன்னொரு பக்கம். செப்டம்பர் 22 மாதிரி இன்னொரு ராத்திரி வந்தா, கடையில இருக்கிற அத்தனை பொருளுக்கும் கையால விகிதம் மாத்தப் போறது அவன் இல்லை.

அடுத்து, நம்ம கூட்டத்துக்கே உரிய ஆசை: “எதுக்கு மாமா காசு? நானே ஒண்ணு எழுதித் தர்றேன். மினி புராஜெக்ட்டும் ஆச்சு!” ஃபைனல் இயர்ல ‘பில்லிங் சிஸ்டம்’ பண்ணாத பேட்ச் எந்தக் காலேஜ்லயாவது இருக்கா? ரிவ்யூவுல காட்ட அது போதும். கடைக்குப் போதாது. திருத்தல் பதிவு, கிரெடிட் நோட், ரிட்டர்ன்ல ஏத்துற ஃபைல்னு எழுத ஆரம்பிச்சா செமஸ்டரே போயிடும். அதை விட முக்கியம், ரெண்டு வருஷம் கழிச்சு உங்களுக்கு பெங்களூர்லயோ புனேயிலயோ வேலை. இங்கே மாமா கடையில பில் அச்சாகலை, வெளியில ஏழு பேர் நிக்கிறாங்க. அன்னிக்கு உங்க கம்பெனியில ரிலீஸ் டே. யாருக்கு முதல்ல பதில் சொல்வீங்க? எழுதிப் பழகணும்னு ஆசை இருந்தா ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் இருக்கு. கோடைத் திறந்து வரி எப்படிக் கணக்காகுதுன்னு படிச்சுப் பாருங்க, செம இன்ட்ரஸ்ட்டிங்! மாமா கடையைச் சோதனைச் சாலை ஆக்கிடாதீங்க.

பேர் சொல்லலையேன்னு முறைக்கிறீங்களா? பெங்களூர்ல இருந்து டாலி, வியாபார், நம்ம சென்னையில இருந்து ஜோஹோ... எல்லாம் ஜி.எஸ்.டி. தெரிஞ்சதுங்கதான். எது மாமாவுக்குங்கிறதை ரெண்டு பேர்கிட்ட கேளுங்க. ஒருத்தர் மாமாவோட வரிக் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர். அவர் எந்த சாப்ட்வேர்ல ரிட்டர்ன் போடுறாரோ, அதுக்குள்ள மாமாவோட ஃபைல் போகணும். போகலைன்னா மாசா மாசம் யாரோ உட்கார்ந்து திரும்ப டைப் அடிப்பாங்க, அதுக்கு மாமாதான் காசு கொடுப்பார். இல்லைன்னா ஜி.எஸ்.டி. போர்ட்டல்லயே ரிட்டர்ன் தயாரிக்க ஒரு ஆஃப்லைன் டூல் இலவசமாக் கிடைக்கும். சாப்ட்வேர் கொடுக்கிற ஃபைலை அதுல ஏத்திப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும். இன்னொருத்தர், கவுன்டர்ல நிக்கப் போறவர். பெரும்பாலும் அது அத்தை! கண்ணாடி போட்டாத்தான் தெரியற சைஸ்ல மெனு இருந்தா, மத்தது எல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லை. பொருள் பேரைத் தமிழ்ல வெச்சாத்தான் அவங்களுக்குச் சட்டுனு பிடிபடும்னா, தமிழ்ல டைப் பண்ணி அந்தக் குட்டி தெர்மல் பிரிண்டர்ல அடிச்சுப் பாருங்க. ஸ்க்ரீன்ல அழகா வர்ற தமிழ், பிரிண்டர்ல கேள்விக்குறியா வர்றது ரொம்ப சகஜம். எழுத்தைப் படமா மாத்தி அனுப்புற சாப்ட்வேர்லதான் ஒழுங்கா வரும்.

அண்ணாச்சி என்ன வாங்கினார்னு கேக்குறீங்களா? புதுச்சேரி பில்லுக்கு ரெண்டு சீட்டு சரியாப் போட்டுச்சே, அந்த மெனு தேட வெச்ச சாப்ட்வேர். பார்க்க அவ்வளவு லட்சணமா இல்லை. “பொண்ணா பார்க்குறோம்? கணக்கு நிக்குதுல்லா”ன்னுட்டார்.

ஆனா உடனே மாறலை. ஏப்ரல் 1-ல் மாறுறதா முடிவு. புது நிதியாண்டு, புது பில் நம்பர் வரிசை. மார்ச் 31 ராத்திரி ஸ்டாக்கை எண்ணி அப்படியே ஏத்திடலாம், நடு வருஷத்துல மாறி ரெண்டு கணக்கை ஒட்டுப் போடுற வேலை மிச்சம். பழைய பில் புக்கையும் தூக்கிப் போடலை. ஒண்ணுக்கு மேற்பட்ட வரிசை வெச்சுக்க விதி இடம் கொடுக்குது. அதனால கரன்ட் இல்லாத நேரத்துக்குன்னு, வேற எழுத்துல ஆரம்பிக்கிற வரிசையில ஒரு கைப் பில் புக் கல்லாவுக்குக் கீழே இருக்கு. கரன்ட் வந்ததும் அதையும் சாப்ட்வேர்ல ஏத்தணும். உங்க மாமா கடைக்குப் பார்க்கிறப்ப, அந்தக் கைப் பில் நம்பரை நாமே டைப் பண்ண அது விடுதான்னும் ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடுங்க.